மிரண்டுபோன மோட்டார்

"வண்டி மிரண்டுடுச்சுங்க, மேஸ்திரி. பாம்பு ஒண்ணு குறுக்க வந்துச்சு. மிரண்டு அவரைக் கீழ தள்ளிடுச்சு."

நாமக்கல் பஸ் செட்டுக்கு என்னைத் தேடி வந்து இதைச் சொன்னவன் பேர் சின்னக்கண்ணு. கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரன். மிளகு மூட்டை சுமந்து மலையிறங்கியவன், என் சிநேகிதன் அர்த்தனாரி செத்துப்போன சேதியையும் கூடவே சுமந்து வந்திருந்தான்.

நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வந்து கையைத் துடைத்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது சந்தேகம்தான். அது என் பிறவிக் குணம். முதலாளி சம்பளத்தை உயர்த்தினால்கூட எந்த வேலையைத் தலையில் கட்டப் போகிறாரோ என்று யோசிக்கிறவன் நான்.

"ஏப்பா, மோட்டார் எப்படியப்பா மிரளும்?"

"அதென்னமோ மிரண்டுடுச்சுங்க."

"எங்கே விழுந்தான்?"

"பள்ளத்துலங்க. விழுந்ததும் உசுரு போயிடுச்சு." கொஞ்சம் நின்று, பாடம் ஒப்பிப்பவன் மாதிரி, "வண்டி பழனிமுத்து மேஸ்திரிக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருங்க" என்றான்.

"எப்போ சொன்னான்?"

"சாகறப்பங்க."

"விழுந்ததும் உசுரு போயிடுச்சுன்னு இப்பத்தானே சொன்னே?"

சின்னக்கண்ணு கழுத்தைச் சொறிந்தான். "அவரைக் கூட வெச்சிருந்த சின்னராசண்ணன் உங்களை வரச் சொன்னாருங்க. நான் வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

பக்கத்தில் நின்ற டிரைவர் செங்கோட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். "மோட்டார் மிரண்டுச்சாம்ல. கொள்ளு வெச்சானா, புல்லு வெச்சானான்னு கேக்காம விட்டுட்டியே பழனிமுத்து." செத்துப்போனவனைப் பற்றிய சேதி என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

அர்த்தனாரியை அந்த செட்டில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். என்னோடு சேர்ந்து ஸ்பேனர் பிடித்தவன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்தால் போதும், இரும்பும் ஆளுமாகச் சாய்ந்துவிடுவான். சைக்கிளே அவனுக்கு வசப்படவில்லை. அப்படிப்பட்டவன், முதல் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஓடிய ஒரு பழைய மோட்டார் சைக்கிளை ஊர் திரும்பிப் போகிற துரை ஒருத்தரிடமிருந்து வாங்கி வந்தான். கடைத்தெருவில் ஏறினான், விழுந்தான். மறுபடி ஏறினான், காய்கறிக் கூடைமேல் விழுந்தான். செங்கோட்டையன் அதை நடித்துக் காட்டாத நாள் கிடையாது.

ஒருநாள் அர்த்தனாரி பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "மோட்டாரே ஏறாத மலைக்கு இதைக் கொண்டு போறேன். அங்க ஓட்டிக் காட்டறேன். செத்தாலும் இது மேல இருந்துதான்டா சாவேன்." சொன்னதோடு நிற்கவில்லை. மிளகு வியாபாரம் பார்ப்பதாகச் சொல்லி மலையேறிவிட்டான். வண்டியை மலையடிவாரத்துக் காரவள்ளியில் வைத்து நான்தான் பிரித்துக் கொடுத்தேன். புது டயர் இரண்டும் மாட்டிப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தவனும் நான்தான். மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு இறங்கி வரும்போதெல்லாம் ஒரு கதை சொல்வான். செம்மேட்டுச் சந்தைத் திடலைச் சுற்றி ஓட்டினேன், பைல் நாடு வரைக்கும் போனேன், சனங்கள் கூடிக்கூடிப் பார்த்தார்கள் என்று. "நானும் ஒருநாள் வந்து பார்க்கிறேன்" என்பேன். "வேண்டாம் மாப்ளே. ராத்தங்கினா காய்ச்சல் பிடிச்சுக்கும்" என்று தட்டிக் கழிப்பான். நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். எனக்கு அதுவே அதிகம்.

இப்போது அந்த வண்டி எனக்காம். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, ஸ்பேனர் பையும் ப்ளக்கும் ஒரு டின் பெட்ரோலுமாக மலையேறினேன். வண்டிக்காக மட்டும் போகவில்லை. அவனை யாராவது தீர்த்துக்கட்டிவிட்டு வண்டிமேல் பழியைப் போடுகிறார்களோ என்று மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்படி இருந்தால் திரும்பும்போது சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேஷனில் ஏறி இறங்குவதென்று முடிவு செய்திருந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் என் எதிரே வந்து கும்பிட்டவர் சின்னராசுக் கவுண்டர். அர்த்தனாரிக்கு இடம் கொடுத்துக் கூட வைத்துக்கொண்ட மனிதர். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர் போட்டிருந்த கோட்டைத்தான் பார்த்தேன். காக்கிக் கோட்டு. போன பொங்கலுக்கு நான் அர்த்தனாரிக்குக் கொடுத்தது. இடது பையில் ஆசிட் பட்ட ஓட்டை அப்படியே இருந்தது.

பிணத்தின் சூடு ஆறுவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"எப்படிச் செத்தான் கவுண்டரே?"

"வண்டி மிரண்டுடுச்சுங்க மேஸ்திரி. பாம்பு ஒண்ணு குறுக்க வந்துச்சு."

அவர் மனைவி கண்ணாயியிடம் கேட்டேன். "மிரண்டுடுச்சுங்க. பாம்புங்க." வேலியோரம் நின்ற கிழவரைக் கேட்டேன். மிரண்டதும் பாம்பும் அவர் வாயிலிருந்தும் அதே வரிசையில் வந்தன. நாலு பேர் ஒரு விபத்தைப் பார்த்தால் நாலு விதமாகச் சொல்வார்கள். பஸ் செட்டில் இது எனக்கு அத்துபடி. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

புதைத்த இடத்தைக் காட்டினார்கள். மிளகுக் கொடி படர்ந்த தோட்டத்து மூலையில், மேலே கல் அடுக்கி வைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். கொடிகளெல்லாம் அர்த்தனாரி நட்டு வளர்த்தவை.

"இனிமேல் இந்தத் தோட்டம் யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. நெலம் நம்முளுது. அவரு கொடி மட்டுந்தான் வெச்சாரு" என்றார் சின்னராசு, கொஞ்சங்கூடத் தயங்காமல்.

கோட்டும் போச்சு, தோட்டமும் போச்சு. எனக்கு விட்டது வண்டி ஒன்றுதான்.

அது வீட்டுக்குப் பின்னால் சாமை வைக்கோலுக்குள் கிடந்தது. இல்லை, கிடக்கவில்லை, நின்றது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே வைக்கோலைப் போர்த்தி வைத்திருந்தார்கள். நான் வைக்கோலை விலக்கினேன். ஊர்ச் சனம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது.

முன் விளக்கின் கண்ணாடி முழுசாக இருந்தது. ஹேண்டில் நேராக இருந்தது. டேங்கில் ஒரு நசுங்கல் கிடையாது. பள்ளத்தில் விழுந்த வண்டியாம். முன் டயரைக் குனிந்து பார்த்தேன். ரப்பர் பழசாகி வெடித்திருந்ததே தவிர, தேயவே இல்லை. வார்க்கும்போது நடுவில் விழுகிற கோடுகூட அப்படியே இருந்தது. நான் கழற்றிக் கொடுத்த அன்று இருந்த மாதிரி.

இந்த டயர் மண்ணைத் தொட்டதே இல்லை.

பின் சக்கரத்தில் டயரே இல்லை. வெறும் ரிம். அந்த ரிம் மட்டும், மற்ற இரும்பெல்லாம் துருவேறிக் கிடக்க, தீட்டி வைத்த அரிவாள் கணக்காகப் பளபளத்தது. அதை விரலால் தொட்டேன். பின்னால் நின்ற பெண்களின் குசுகுசுப்பு நின்றுபோனது. கையை எடுத்தேன், மறுபடி குசுகுசுத்தார்கள்.

சரி, இருக்கட்டும் என்று பழுது பார்க்க உட்கார்ந்தேன். அன்றே ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். ஆனால் மலை அவர்களுடையது, நான் ஒற்றை ஆள். கையில் வேலை இருந்தால் தங்குவதற்குச் சாக்கு இருக்கும், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் கொடுத்த சாமைச் சோற்றைக்கூட சின்னராசு ஒரு வாய் வைத்த பிறகுதான் தொட்டேன். அவர் அதைக் கவனித்தார். அடுத்த வேளையிலிருந்து என் இலையிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தின்றுவிட்டு எழுந்து போவார். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

வண்டி வேலை மெல்ல நகர்ந்தது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே உமி. எஞ்சினின் இடுக்குகளில் உமி. மேக்னெட்டோ மூடியைக் கழற்றினால் அங்கேயும் மாவு போல உமித்தூள் அடைத்து, நெருப்புப் பொறி விழாமல் செத்திருந்தது. சாமை உமி எப்படி இத்தனை உள்ளே போனது? வைக்கோலில் மூடி வைத்ததாலா? வைக்கோல் வேறு, உமி வேறு. இவர்கள் என்னைக் கேனயன் என்று நினைத்துவிட்டார்கள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தழைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒதுங்கப் போனவன் காலில் அது தட்டியது. தழைக்கடியில் ஒரு பெரிய வட்டக் கல். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. அதன் ஓரத்தில் கருகருவென்று ஏதோ ஊறிக் காய்ந்திருந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். தழையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பினால், கொட்டகை மூலையில் கண்ணாயி நின்றுகொண்டிருந்தாள்.

"அங்க என்னங்க பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை."

அவள் முகம் வெளிறியிருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனித் தாமதித்தால் எனக்கும் ஒரு பாம்பு குறுக்கே வரும். கீழே போய் புகார் கொடுத்தால் போலீஸ் வரும். சின்னராசை விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள். கொலைக்கேஸில் மலைக்காரன் பேச்சு எந்தக் கோர்ட்டில் எடுபடும்? தூக்குத்தான். ஆகட்டும். அர்த்தனாரிக்குக் கேட்க வேறு நாதியில்லை.

ஸ்பேனர்களைப் பையில் போட்டுக் கட்டினேன். சின்னராசு ஓடி வந்தார்.

"என்னங்க மேஸ்திரி, வண்டி இன்னும் முடியலையே?"

"வண்டி இருக்கட்டும். அந்தக் கோட்டைக் கழட்டு."

முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன். ஊர் கூடிவிட்டது. சின்னராசு அசையாமல் நின்றார்.

"கழட்டுன்னா கழட்டு. செத்தவன் கோட்டு. நான் கொடுத்த கோட்டு. அவனைக் கொன்னவன் போட்டுக்கிட்டுத் திரியறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவர் பொத்தானில் கை வைத்தார். கண்ணாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கழட்டச் சொல்ல நீங்க யாருங்க? எங்க நாட்டுல பாயில கெடந்தவனுக்குத் தண்ணி ஊத்தினவனுக்குத்தான் அவன் துணி. ஐப்பசி பூராவும் இவருதான் அவரைத் தூக்கி உக்கார வெச்சாரு. இவருதான் வாய் தொடச்சாரு. இவரு போடாம வேற யாரு போடுவாங்க அந்தக் கோட்டை?"

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னராசு தரையைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பாயில கெடந்தானா?"

கூட்டம் சின்னராசைப் பார்த்தது.

"கவுண்டரே, அர்த்தனாரி பாயில கெடந்தானா?"

சின்னராசு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "காய்ச்சலுங்க. மலைக்காய்ச்சல். குளுருல பல்லு கிட்டிக்கும். நாங்க எரிச்ச வெறகு கொஞ்சமில்லீங்க. கசாயம், மந்திரிப்பு, கீழேருந்து கொய்னா மாத்தரை, எதுவும் கேக்கலைங்க."

"அப்புறம் ஏன் பாம்பு, பள்ளம்னு கதை கட்டினீங்க?"

"அவரு கேட்டுக்கிட்டாருங்க. கடேசியா என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுக் கேட்டாரு. 'பழனிமுத்து வருவான். வண்டிய அவன்கிட்டக் குடுத்துருங்க. நான் வண்டி ஓட்டி, விழுந்து செத்தேன்னு சொல்லுங்க. பாயில செத்தேன்னு சொல்லிப்போடாதீங்க'ன்னாரு. தண்ணி குடுத்த கையால அதை மறுக்கக் கூடாதுங்க. ஊரே ஒத்துக்கிட்டோம்." அவர் கோட்டு நுனியைத் திருகினார். "ஆனா மோட்டார் ஓடி நாங்க பார்த்ததில்லீங்க. அவரு ஒருநாளும் ஓட்டலை. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் இங்க வர்ற துரைமாருங்க குதிரைதான். குதிரை மேலருந்து எப்படி விழுவாங்களோ, அப்படிச் சொன்னோமுங்க. பிசகாயிடுச்சுங்களா?"

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முழுக்கச் செத்தவன் மேல். மடையா, பாயில் செத்தால் உன்னைப் பார்த்து நான் சிரிப்பேன் என்றா நினைத்தாய்?

கண்ணாயி கொட்டகைக்குப் பின்னால் போய்த் தழைகளைத் தள்ளினாள். அந்த வட்டக் கல்லின் மேல் நடுவில் துளை இருந்தது, முன்னே எனக்குத் தெரியவில்லை. திருகைக் கல். கைத்திருகையைவிட நாலு மடங்கு பெரிசு. ஓரத்தில் காய்ந்திருந்தது எண்ணெயும் கிரீஸும். அர்த்தனாரி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மில் தோல் பெல்ட்டை மாட்டி அந்தத் திருகையைச் சுற்ற வைத்திருக்கிறான். குண்டனி நாட்டுச் சாமையெல்லாம் இங்கேதான் வந்து உமி நீங்கிப் போயிருக்கிறது. மூங்கிலிலும் தலைச்சுமையிலுமாக அவன் பெட்ரோலைக் கொண்டு வந்தது சந்தைத் திடலைச் சுற்ற இல்லை.

"இதை ஏன் மறைச்சீங்க?"

"இதைப் பார்த்தா வண்டி ஓடலைன்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்களேன்னுதானுங்க" என்றாள் கண்ணாயி.

"வண்டியை நான் கொண்டு போயிட்டா?"

"பழையபடி ஒலக்கைதானுங்க." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குன்னு அவரு சொல்லிட்டாருங்களே."

இந்த ஜனங்களைத்தான் நான் தூக்குக் கயிறு வரைக்கும் கொண்டு போயிருந்தேன். ஸ்பேனர் பையை அவிழ்த்தேன். சின்னராசிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில், அவர் என் இலையில் கை வைக்கும் முன் நான் ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. மேக்னெட்டோவைச் சுத்தமாகத் துடைத்து, உமி புகாதபடி தோலுறை தைத்து மாட்டினேன். பிஸ்டன் வளையத்தைப் படிய வைத்தேன். புது ப்ளக் போட்டேன். பரணில் புதுசு கலையாமல் தொங்கிய பின் டயரை இறக்கி ரிம்மில் ஏற்றினேன். உதைத்ததும் எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருகைக்கு டயர் எதுக்குங்க?" என்று கேட்டார் சின்னராசு.

"சந்தை என்னைக்கு?"

சந்தையன்று வண்டியை மூங்கிலில் கட்டி செம்மேட்டுக்குத் தூக்கிப் போனோம். மிளகும் பலாவும் மரவள்ளியும் இறக்கி வைத்திருந்த திடல். பைல் நாட்டுக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நடுவில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, உதைத்தேன். கோழிக் கூடையெல்லாம் அலறியது. மெதுவாகத் திடலைச் சுற்றினேன். மண் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு முறை சாய்ந்து, காலை ஊன்றி நிமிர்ந்தேன். அர்த்தனாரி சொன்ன கதையில் எத்தனை சுற்று என்று ஞாபகமில்லை. டயரின் நடுக்கோடு தேய்கிற வரைக்கும் ஓட்டினேன்.

கூட்டத்தில் யாரோ ஆச்சரியப்பட்டுக் கேட்க, சின்னராசு காக்கிக் கோட்டோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உரக்கச் சொல்வது கேட்டது: "இது என்னங்க பிரமாதம்? அர்த்தனாரி இதைவிட வேகமால்ல ஓட்டுவாரு."

திரும்பி வந்ததும் டயரைக் கழற்றிப் பரணில் போட்டேன். ரிம்மில் பெல்ட்டை மாட்டினேன். கிளப்புவதும் நிறுத்துவதும் கண்ணாயிக்குத்தான் முதலில் பிடிபட்டது. வண்டி என்னுடையதுதான், இங்கேயே இருக்கட்டும், பழுதானால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினேன்.

செட்டில் செங்கோட்டையன் காத்துக்கொண்டிருந்தான். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"என்ன பழனிமுத்து, நெசமா எப்படித்தான் செத்தான் நம்ம ஆளு?"

"பாம்பு ஒண்ணு குறுக்கே வந்துச்சு. வண்டி மிரண்டுடுச்சு."

சிரிக்க வாயைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். "ஏப்பா, நீயுமா? மோட்டார் எங்கயாவது மிரளுமா?"

"மலை மேல மிரளும்" என்றேன். "நீ மலை மேல ஓட்டியிருக்கியா? நான் ஓட்டியிருக்கேன்."

பீடி அவன் விரலைச் சுட்டது. நான் எஞ்சினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் நன்றாக அழ முடிந்தது.